வைரவனின் நாற்காலி

வைரவனுக்கு வலிப்பு நின்ற அன்று திரிவலசையில் முதலில் குழந்தைகளின் அழுகை நின்றது, அடுத்து நாய்களின் குரைப்பு நின்றது, அதற்கடுத்து குழாயடியில் எசக்கியும் மாரித்தாயும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடாமல் நடத்திவந்த குடச் சண்டை நின்றது, அப்புறம் டீக்கடை சண்முகையாவின் கைநடுக்கம் நின்றது, கடைசியாக, பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்ததால் கதவைச் சாத்தினாலும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற அந்த ஊர்ப் பெண்களின் திடுக்கிடலும் நின்றது. இத்தனையும் ஒரே மத்தியானத்துக்குள் நடந்து முடிந்தன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வைக்கிற பதற்றம்தான் போய்விட்டதே.

வைரவன் பேச்சியம்மாளின் மகன், முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தவன், சின்ன வயசிலிருந்தே வலிப்புக்காரன். பேச்சியம்மாளின் ஆள்காட்டி விரல் நுனியில்லாமல் மொட்டையாக இருப்பது அவனால்தான். நாக்கைக் கடித்துக்கொண்டுவிடுவானோ என்று பயந்து வாய்க்குள் விரலைக் கொடுத்தாள், நுனி போனது, அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. சாவிக்கொத்தைக் கையில் திணித்துப் பார்த்தார்கள், வேப்பிலை அடித்துப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரி மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை பாதி வலிப்பைத் தடுத்தது. மீதிப் பாதி அவனைக் கிணற்றடியிலும் பஸ் படிக்கட்டிலும் தங்கச்சி முறைக்காரியின் கல்யாணப் பந்தியிலும் தள்ளிவிட்டது. அவன் விழுந்த இடங்களையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்ந்த அவனுடைய அக்கா உலகம்மாள், ஊர்ப் பிள்ளைகள் குழாயில் வெடிமருந்து அடைக்கப் போன காலத்தில் பிடிவாதமாகப் பள்ளிக்கூடம் போய், பார்மகாலஜி படித்து, மதுரையில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் போய் உட்கார்ந்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், தம்பி ஒழுங்காக ஒரு வருஷம் விழாமல் இருக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்றாள். ஆறேழு மாப்பிள்ளைகள் வேறு வீடு பார்த்துப் போனார்கள்.

மூளைக்குள் ‘கிளம்பு, கிளம்பு’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு பொருள் உண்டு, ‘போதும், அடங்கு’ என்று சொல்கிற இன்னொரு பொருளும் உண்டு. அடங்கு என்று சொல்கிற அதற்குப் பெயர் காபா. அது கொஞ்சம் குறைந்தால் தூக்கம் போகும், இன்னும் குறைந்தால் நிம்மதி போகும், வைரவனுக்குக் குறைந்ததுபோல் குறைந்தால் கையும் காலும் வெட்டி இழுக்கும். குறைவதை வெளியிலிருந்து ஊற்றி நிரப்பிவிடலாம் என்றால், மூளையைச் சுற்றி ஒரு மதில் இருக்கிறது, காபா அதில் முட்டிக்கொண்டு திரும்பிவிடும். உலகம்மாள் தன் இளமை பூராவையும் செலவழித்து, காபாவுக்கு எண்ணெய்ப் பசையுள்ள ஒரு வாலை ஒட்டவைத்து, அந்த மதிலை ஏறிக் குதிக்கப் பழக்கினாள்.

பழக்கியதை எலிகளில் சோதித்தாள். குளத்தில் மீனை மயக்கிப் பிடிக்க அரைத்துப் போடுவார்களே காக்காய்க்கொல்லி விதை, அதிலிருந்து எடுக்கிற பிக்ரோடாக்சின் என்ற விஷம் காபாவின் வாயை அடைத்துவிடும், ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் எலி துள்ளி விழுந்து வெட்டி இழுக்கும். ஆகவே பாதி எலிகளுக்குத் தன் மருந்தையும் மீதிப் பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீரையும் போட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் விஷத்தைப் போட்டாள். மருந்து வாங்கிய எலிகள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தன. உப்புத் தண்ணீர் வாங்கிய எலிகளும், பக்கத்துக் கூண்டில், அதேபோல் உட்கார்ந்திருந்தன. விஷம் கெட்டுப்போய்விட்டது என்று உலகம்மாள் முடிவுகட்டினாள். புட்டியைக் கொட்டிவிட்டுப் புதுசு வாங்கினாள், இடம் போதாமல் கூண்டுகளை வேறுவேறு அறையில் வைத்தாள், இந்த முறை உப்புத் தண்ணீர் எலிகள் வெட்டி இழுத்தன, கணக்குச் சரியாக வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். முதல் தடவை மருந்து வாங்கிய எலிகள் மட்டும் ஒவ்வொன்றாகப் பல்லைக் கிட்டித்துக்கொண்டு செத்துக் கிடந்தன. அதற்கும் அவளிடம் காரணம் இருந்தது. கரண்ட் போயிருந்தது, ஏசி ஓடவில்லை, மதுரை வெயில். பத்து வருஷம் காத்திருந்தவளுக்குக் காரணமா கிடைக்காது.

மனிதனுக்குப் போட அனுமதி வாங்க இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும் என்றார்கள். அதுவரை எத்தனை படிக்கட்டில் விழுவான்? ஒரு சனிக்கிழமை, தயிர் டப்பாவில் ஐஸ்கட்டி போட்டு, அதற்குள் மருந்துக் குப்பிகளை வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு குப்பியைத் தம்பியின் கையில் ஏற்றினாள். மீதியை வீட்டு பிரிட்ஜில், தோசைமாவுச் சட்டிக்குப் பின்னால் வைத்தாள். உள்ளே ஏறக் கற்றுக்கொண்ட மருந்து வெளியே இறங்கவும் கற்றுக்கொண்டுவிட்டது. அன்று மத்தியானம் வைரவனின் வியர்வையோடு அமைதி கசிய ஆரம்பித்து, தெருவைத் தாண்டி, குளத்தைத் தாண்டி, ஊர் எல்லைக் கருவேலங்காட்டு வளைவு வரைக்கும் போய் நின்றது.

திரிவலசை அதைக் குழாயில் தண்ணீர் வந்ததுபோல் எடுத்துக்கொண்டது. பல் முளைக்கிற பிள்ளைகளை வைரவன் மடியில் போட்டுவிட்டுப் பெண்கள் வேலைக்குப் போனார்கள். பாகப்பிரிவினைக்காரர்கள் அவன் வீட்டு முற்றத்தில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள், ஏமாந்தவனும் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். சித்திரை மாசக் கோயில் கொடையில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. மேளக்காரர்கள் கை வலிக்க அடித்தும் கோமரத்தாடிக்கு சாமி வரவில்லை. மாலையும் கழுத்துமாக நின்று கொட்டாவி விட்டார். ஊர் கூடி யோசித்து, வைரவனைக் கருவேலங்காட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி, கையில் ஒரு தட்டுப் பொங்கலைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். உடனே சாமி வந்தது. கொடை முடிந்ததும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த நாற்காலி அவனுடையதாயிற்று.

அதற்குப் பிறகு யார் யாரெல்லாமோ யார் யாரையோ கூட்டிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று சோறு தின்னாமல் கிடந்த பெண்ணைத் தகப்பன் கூட்டி வந்தான், அரை மணி நேரம் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு அவள் சரி என்றாள். பொண்டாட்டியை அடிக்கிற ஒருவன் தான் அடித்த பொண்டாட்டியையே கூட்டி வந்தான், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனோடு வீட்டுக்குப் போனாள், அடி மட்டும் நிற்கவில்லை. சாகக் கிடந்த கிழவர்களுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டார்கள், மகன்மார் நிம்மதியாகக் கிரிக்கெட் பார்த்தார்கள். பேச்சியம்மாளுக்கு வாய் நிறையப் பெருமை. வலிப்புக்காரன் வீடு என்று பெண் கொடுக்காத ஊர் இப்போது வாசலில் காத்து நின்றது.

பட்டாசுக் கம்பெனி முதலாளி தங்கப்பழம் தானே காரில் வந்து இறங்கினார். நல்ல மனிதர்தான், கோயிலுக்கு மண்டபம் கட்டிக் கொடுத்தவர்தான். கம்பெனியில் வேலைக்காரர்கள் பயந்து பயந்து வேலை செய்ததால் சரக்கு தாமதமாகிறது என்பது அவருடைய கவலை.

“கம்பெனிக்கு வந்து உக்காந்தாப் போதும்ல வைரவா. உக்காந்திருக்கிறதுதான் சோலி. யாருக்குக் கிடைக்கும் இது?” என்றார்.

“வெயிலு சாஸ்தியா இருக்குமே அண்ணாச்சி.”

“வேப்பமரத்து நெழல்ல போடச் சொல்லுதேன். எளநி வெட்டிக் குடுக்கச் சொல்லுதேன். போதுமா?”

போதும் என்று வைரவன் சொல்வதற்கு முன்பே பேச்சியம்மாள் சொன்னாள். மறுநாளிலிருந்து சிவப்பு நாற்காலி கம்பெனி வேப்பமரத்தடிக்குப் போனது. சரக்கு இரண்டு மடங்காக ஏறியது.

சனிக்கிழமைகளில் உலகம்மாள் வரும்போதெல்லாம் தம்பி முன்னைவிட இளைத்திருந்தான். விழவில்லை, அதுதானே வேண்டும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் தண்ணீர் குடிக்கும்போது டம்ளர் அவன் பல்லில் அடித்துக்கொண்டது. உதட்டின் உட்பக்கமெல்லாம் கடித்துக் கடித்துப் புண்ணாகியிருந்தது.

“அக்கா, வாறவங்க பூராம் எங்கிட்ட இருந்து கொண்டுட்டுப் போயிருதாங்க,” என்றான் ஒருநாள். “அவங்க கொண்டுவந்ததை இங்கன வச்சுட்டுப் போயிருதாங்க.”

“என்னத்தடா வச்சுட்டுப் போறாங்க?”

“பயத்த. அந்தக் கல்யாணப் பிள்ளையோட பயம், அடிவாங்குறவளோட பயம், கம்பெனில அத்தன பேரு பயம். எல்லாம் நெஞ்சுக்குள்ள நெருக்கிக்கிட்டு நிக்கி. எனக்குன்னு கொஞ்சங்கூட மிச்சமில்லக்கா.”

உலகம்மாள் கேட்டுக்கொண்டாள். கேட்டது காதில் விழுந்தது, புரிந்தது, ஆனால் அவள் தம்பிக்கு ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள், அங்கே உட்கார்ந்த யாருக்கும் எதுவும் பெரிதாகப் படாது. “இன்னொரு தோசை வைக்கவா?” என்று கேட்டாள்.

திங்கள்கிழமை மதுரையில், ஆய்வுக்கூடத்தில் கையுறையை மாட்டும்போது, அது இடிபோல் இறங்கியது. உப்புத் தண்ணீர் எலிகள் ஏன் சும்மா உட்கார்ந்திருந்தன என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பக்கத்துக் கூண்டுக்காரனின் அமைதியைத் தின்றுவிட்டு அவை உட்கார்ந்திருந்தன. கொடுத்தவை பல்லைக் கிட்டித்துச் செத்தன. தம்பியை ஊரிலிருந்து பிரித்து, ஆளில்லாத ஒரு இடத்தில் வைக்காவிட்டால் அவனும் அப்படித்தான் சாவான். அவள் சுவரில் சாய்ந்து அழுதாள், அப்போதே லீவு போட்டாள், பஸ் ஏறினாள், அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், இன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டாள். கருவேலங்காட்டு வளைவில் பஸ் திரும்பியது. இன்றைக்கேதான் வேண்டுமா என்று ஒரு எண்ணம் வந்தது. ஊரில் இறங்கியபோது எதற்கு வந்தோம் என்பது ஞாபகம் இருந்தது, அவசரம்தான் இல்லை. அம்மா கத்தரிக்காய் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். மதுரை திரும்பியதும் மறுபடி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இப்படியே வாரா வாரம் மதுரையில் தம்பியைக் காப்பாற்ற முடிவெடுத்தாள், வளைவில் அதை இறக்கி வைத்தாள். தன்னைத்தானே இவ்வளவு வெறுத்த பெண் அந்த ஜில்லாவில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள், அதுவும் வளைவுக்கு வெளியே மட்டும்.

பட்டாசு வேலைக்காரனை உயிரோடு வைத்திருப்பது அவனுடைய பயம்தான். பயம் இருப்பவன் செருப்பைக் கழற்றிவிட்டு வெடிமருந்து அறைக்குள் போவான், இரும்பைத் தொடமாட்டான், வெயில் ஏறினால் கலவையை விட்டு எழுந்துவிடுவான். வைரவனின் நாற்காலி வந்தபிறகு செருப்போடு போனார்கள். கட்டிதட்டிய கலவையை இரும்புக் கரண்டியால் சுரண்டினார்கள். ஒரு நாள் உச்சிவெயிலில், குழாயடிச் சண்டைக்காரி மாரித்தாய் சுரண்டிக்கொண்டிருக்கும்போது பொறி தட்டியது. பக்கத்து அறைகளில் இருந்தவர்களுக்கு ஓட நேரம் இருந்தது. வாசலும் திறந்துதான் இருந்தது. அவர்கள் தலையைத் தூக்கி, நெருப்பு வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, கையிலிருந்த வேலையை முடிக்கப் பார்த்தார்கள்.

ஊரில் பாதி வீடுகளுக்குப் பிணம் வந்தது. துணியில் சுற்றி வந்ததை எந்த வீட்டுக்கு எது என்று விசாரித்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். கம்பெனி வேப்பமரம் வாசல் ஓரம் இருந்ததால் வைரவனுக்குச் சிராய்ப்பு மட்டும்தான். தங்கப்பழத்தின் ஆட்கள் அவனை நாற்காலியோடு தூக்கிவந்து ஊர்ப் பொட்டலில், பிணங்களுக்கு நட்டநடுவில் வைத்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி, ஏதாவது புகார் உண்டா என்று கேட்டார். ஒன்றுமில்லை சார் என்றார்கள். யார் மேலாவது சந்தேகம்? யார் மேல சார் சந்தேகப்பட? அவருக்கும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றிவிட்டது. மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

செய்தி போனில் வந்தபோது உலகம்மாள் மதுரையில் இருந்தாள். அத்தனை பேரின் பயத்தையும் துக்கத்தையும் ஒரே நாளில் தம்பிமேல் இறக்கப்போகிறார்கள் என்பது புரிந்ததும், எலிகளுக்குப் போடுகிற பிக்ரோடாக்சினை ஒரு ஊசியில் எடுத்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் தூக்க மாத்திரை அளவுக்கு மீறித் தின்றவர்களை எழுப்ப டாக்டர்கள் இதைத்தான் துளித்துளியாகக் கொடுத்தார்கள், கொஞ்சம் கூடினால் இழுத்துக்கொண்டு போகும். பஸ் கருவேலங்காட்டு வளைவுக்கு வந்ததும் சேலைக்கு மேலேயே தொடையில் குத்திக்கொண்டாள். உடம்பு தூக்கிப்போட்டது, பல் கூசியது, ஆனால் பயம் அப்படியே கூட வந்தது.

பொட்டலில் அத்தனை பிணங்களுக்கு முன்னால் அழுதவள் அவள் ஒருத்திதான். சாமி கும்பிடுகிற நேரத்தில் செல்போன் அடித்தவளைப் பார்ப்பதுபோல் ஊர் அவளைத் திரும்பிப் பார்த்தது. நடுவில் நாற்காலியில் வைரவன், தாடை இறுகி, இமைகள் படபடத்து, கைவிரல்கள் நாற்காலிக் கையில் தந்தியடித்தபடி இருந்தான். அவளைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவன் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள்.

“எங்க கூட்டிட்டுப் போற உலகு?” என்று எசக்கி அவள் கையைப் பிடித்தாள். பிடி மெதுவாகத்தான் இருந்தது.

“செத்துருவான் மதினி. விடுங்க, தூரமாக் கொண்டுபோயிருதேன்.”

“கொண்டுபோ. யாரு வேண்டாங்கா? பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்.”

“அதுவரைக்கும் தாங்கமாட்டான்.”

“இத்தன நாளு தாங்குனவன்தான, தாங்குவான்,” என்றாள் எசக்கி, அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டபடி.

ஊரில் வாடகைக்கு ஓட்டுகிற கார்க்காரனைக் கூப்பிட்டாள். வருகிறேன் என்றான், வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தான், சாவியைத் திருப்பவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அம்மா, உம் மகன்மா. பல்லைப் பாரு. நீ விரலைக் குடுத்த பிள்ளைம்மா.”

பேச்சியம்மாள் சிரித்த முகத்தோடு மகனைப் பார்த்தாள். “ஊரு பூராம் எழவு வீடாக் கெடக்கு. இப்ப இவனை எடுத்துட்டா இந்தச் சனம் என்ன செய்யும், நெனச்சுப் பாரு. எம் மவனாலதான் எல்லாரும் மூச்சு விடுதாக. எனக்குப் பெருமையா இருக்குட்டி.”

ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. ஒருவரும் அவளைத் தள்ளவில்லை, திட்டவில்லை. ஆளுக்கொரு கையாக அவளைத் தொட்டுக்கொண்டு, வழி விடாமல், அன்பாக நின்றார்கள். அவள் கடித்தாள், கீறினாள், காலில் விழுந்தாள், அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், கீறல் பட்டவன் பரவாயில்லை தாயி என்றான். ஊசியில் வந்த விஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அது இறங்குவது அவளுக்குத் தெரிந்தது, அய்யோ இறங்குகிறதே என்று பதறினாள், பிறகு அந்தப் பதற்றமும் இறங்கியது. தம்பியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். யாரோ டீ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள்.

இருட்டுவதற்கு முன்னாலேயே வைரவனுக்கு வலிப்பு வந்தது. இத்தனை காலம் வராமல் நின்றதெல்லாம், மற்றவர்களுக்கு வந்திருக்க வேண்டியதும் சேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நாற்காலியோடு சாய்ந்து மண்ணில் விழுந்தான். ஊர் சுற்றி நின்று பார்த்தது, பின்னால் நின்ற பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று முன்னால் நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். உலகம்மாள் ஆய்வுக்கூடப் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, வலிப்பு தொடங்கிய நேரத்தை மனசில் வைத்துக்கொண்டாள். பேச்சியம்மாள் முந்தானையால் மகனின் வாய் நுரையைத் துடைத்தாள். அவன் நாக்கைக் கடித்து ரத்தம் வந்தபோது அதையும் துடைத்தாள். விரலைக் கொடுக்கவில்லை. அவன் கண் கடைசிவரைக்கும் அக்காவின் முகத்தில் இருந்தது, அந்த முகத்தில் ஒன்றும் இல்லை.

மூச்சு நின்றதும் அமைதி அறுந்தது.

முதலில் பேச்சியம்மாள் அலறினாள். அதற்கடுத்து குழந்தைகள் அழுதன, நாய்கள் ஊளையிட்டன, சண்முகையாவின் கையிலிருந்து டீ கிளாஸ்கள் விழுந்தன. செத்தவர்களின் வீட்டார் பிணங்கள் மேல் விழுந்தார்கள், அப்போதுதான் வெடித்ததுபோல் காதைப் பொத்தினார்கள். எசக்கி மாரித்தாயின் பேரைச் சொல்லி, இனி யாரோடடி நான் சண்டை போடுவேன் என்று மண்ணில் புரண்டாள். பிடிக்காதவனைக் கட்டிக்கொண்ட பெண் அவன் வீட்டில் நின்று, மாட்டேன், மாட்டேன் என்று கத்தினாள், கல்யாணமாகி மாதங்கள் ஆகியிருந்தன. அடிவாங்கியவளுக்கு வாங்கிய அடி அத்தனையும் ஒரே நேரத்தில் வலித்தது. ஏமாந்தவன் ஏமாற்றியவன் வீட்டுக் கதவை உடைத்தான். தங்கப்பழத்தின் கார்மேல் கல் விழுந்தது, பிறகு அவர் வீட்டுமேலும் விழுந்தது. உலகம்மாள் கத்தவில்லை. அவள் வாயைத் திறந்தாள், தம்பியின் கண்ணை அப்போதுதான் உண்மையிலேயே பார்த்தாள், திறந்த வாயை மூட முடியாமல் அப்படியே கிடந்தாள்.

பிணங்களை எரித்தார்கள், ஆனால் எரித்தபிறகும் எதுவும் தணியவில்லை. துக்கத்தைத் தாங்குகிற பழக்கம் திரிவலசைக்கு விட்டுப்போயிருந்தது. மற்ற ஊர்க்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்ப்பதை இவர்களால் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை. ஒருவன் குளத்தில் விழுந்தான், ஒருத்தி தலையைச் சுவரில் மோதிக்கொண்டாள். தூக்கம் யாருக்கும் இல்லை. உலகம்மாளுக்குக் கண்ணை மூடினால் தம்பியின் கண், திறந்தால் அம்மாவின் ஒப்பாரி. அவனைக் கொன்றது ஊரா, கம்பெனியா, அம்மாவா என்று யோசித்துக்கொண்டே போய் ஒவ்வொரு தடவையும் தயிர் டப்பாவில் போய் முட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சாம்பல் கரைத்துவிட்டு வந்து, பிரிட்ஜைத் திறந்தாள். தோசைமாவு புளித்துப் பொங்கிக் கிடந்தது. அதற்குப் பின்னால் குப்பிகள் அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் எடுத்து முற்றத்துக் கல்லில் அடித்து உடைத்துவிட வேண்டும் என்று கையில் அள்ளினாள். அது சத்தியமாக அவள் நினைத்தது. கதவைத் திறந்தாள்.

வாசலில் ஊர் நின்றது. சத்தமில்லாமல், வரிசையாக, தெருமுனை வரைக்கும் நின்றது. எசக்கி தன் மாமியாரின் கையைப் பிடித்திருந்தாள். கல்யாணப் பெண்ணின் தகப்பன் மகளைப் பிடித்திருந்தான். அடிக்கிறவன் பொண்டாட்டியைப் பிடித்திருந்தான். மகன்மார் கிழவர்களைப் பிடித்திருந்தார்கள். தலையில் கட்டுப்போட்ட தங்கப்பழம் தன் வீட்டில் பாத்திரம் கழுவுகிற ஊமைப்பெண்ணைப் பிடித்திருந்தார். சிவப்பு நாற்காலியை யாரோ கழுவித் துடைத்து, முற்றத்தில் நிழல் பார்த்துப் போட்டிருந்தார்கள். எல்லோரும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தன்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர் ஒருவர்கூட இல்லை.

வரிசையின் முன்னால் பேச்சியம்மாள். அவளுடைய நுனியில்லாத விரலைப் பிடித்துக்கொண்டு மாரித்தாயின் மகள், ஏழு வயசுப் பிள்ளை, என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்றது.

“இதுக்கு யாரு இருக்கா உலகு?” என்றாள் பேச்சியம்மாள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. “அழுறதுக்கு ஆளில்லாத பிள்ள. முடியலட்டி. நெஞ்சு வெடிச்சிரும்போல இருக்கு. எம் மவன் மூஞ்சி கண்ணுக்குள்ளேயே நிக்கி. ஒரு பொழுதுக்காச்சும் போதும்.”

உலகம்மாள் கையிலிருந்த குப்பிகளைப் பார்த்தாள், முற்றத்துக் கல்லைப் பார்த்தாள். தம்பியின் கண் மறுபடி வந்தது. அதைத் தாங்கிக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள். போன தடவை ஒரே ஆளைப் போட்டு வதைத்ததுதான் தப்பு, மாற்றி மாற்றி உட்கார்த்தினால் ஒவ்வொருவரும் கொஞ்ச நாள் தாங்குவார்கள், இந்த முறை ஒழுங்காகச் செய்யலாம் என்று அவளுக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரி நிதானமாகச் சொன்னாள். உள்ளே போய் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“முதல்ல யாரு?” என்று கேட்டாள்.

வரிசையில் நின்ற எல்லோரும், தாங்கள் பிடித்திருந்த கையை ஒரு அடி முன்னால் தள்ளினார்கள்.